எதிர்ப்பக்கத்துக் கை

பட்டறையில் அவருக்குப் பெயர் வலது. அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. கனரக வண்டியின் முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கினால், வலப்பக்கச் சக்கரத்தின் முன்னால் போய் உட்காருகிறவர் அவர். இடப்பக்கம் உட்காருகிறவர் இடது. முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இருவரில் ஒருவர் லீவு போட்டால், "இன்னைக்குப் பட்டறை நொண்டுதுடா" என்று வெல்டர் கத்துவார். அந்த வெல்டருக்கு வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நல்ல மனிதர்.

சாதாரண லாரியின் முன் சக்கரம் திரும்பும், அவ்வளவுதான். இழுப்பதெல்லாம் பின் சக்கரத்தின் பாடு. இந்தப் பட்டறைக்கு வந்தவை அந்த மாதிரி சாதுவான வண்டிகள் இல்லை. சேற்றில் மரம் இழுக்கிறவை, பள்ளத்தில் கவிழ்ந்த லாரியைத் தூக்கி வருகிறவை. அவற்றின் முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் திணித்து வைத்திருப்பதால், அதன் உள்ளே இருப்பது ஒரு கூட்டுக்குடும்பம் என்பார் வலது. பிரேக் பிடிக்கும் டிரம், சக்கரம் மாட்டும் ஹப், முன்னும் பின்னுமாக இரண்டு பேரிங், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு பெரிய நட்டு, நட்டுகள் அசையாமலிருக்க நடுவில் காது மடக்கிய வாஷர், அதற்குப் பின்னால் பேரிங்குகள் உட்காரும் ஸ்பிண்டில், ஸ்பிண்டிலின் துளை வழியாக வந்து சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட், ஷாஃப்டின் நடுவில் முழங்கைபோல் மடங்கும் ஜாயின்ட், இத்தனையையும் சுமந்துகொண்டு திரும்பும் நக்கிள். ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டும். ஒருவரை முந்திக்கொண்டு இன்னொருவர் வெளியே வர முடியாது, அதுவும் கூட்டுக்குடும்பம் மாதிரியேதான்.

அந்த அச்சுக்கு ஒரு குணம் உண்டு. கியர் பெட்டியிலிருந்து வரும் நடு ஷாஃப்டைப் பூட்டிவிட்டு, முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் இருக்கும்போது ஒன்றை முன்னால் தள்ளினால், மற்றது தானாகப் பின்னால் உருளும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் வேலை அது, மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஆனாலும் எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எஞ்சின் மறைத்து நிற்க, நம் கண்முன்னே ஒரு பெரிய சக்கரம் தானாக அசைந்தால் முதல் தடவை யாரும் ஓரடி பின்னால் நகர்ந்துவிடுவார்கள்.

வலதுவுக்கு அந்த முதல் தடவையிலேயே மோதிர விரலின் நுனி போய்விட்டது. ஜாயின்டுக்குள் விரலை விட்டுப் பழைய கிரீஸைத் தோண்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒல்லி ஆள், பின்னாளில் இடது ஆனவர், பேரிங் முனகுகிறதா என்று பார்க்க அங்கேயிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். இங்கே ஜாயின்ட் திரும்பிவிட்டது. கம்ப்ரஸர் இரைச்சலில் வலது கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

ஒல்லி ஆள் மறுநாளிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் வலதுவின் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றிவிட்டார். புண் ஆறிய பிறகும் வருவது நிற்கவில்லை. வலதுவுக்குச் சந்தேகம் தட்டுவதற்குள், அந்த ஆள் எந்தக் கிழமை எந்தச் சட்டை போடுவார் என்பது வரை வலதுவின் தங்கைக்கு அத்துப்படி ஆகிவிட்டது. "விரல் நுனியும் போச்சு, தங்கச்சியும் போச்சு, மாப்ள கணக்குல எனக்கு ரெண்டு நஷ்டம்" என்று கல்யாணத்தன்று வலது சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நஷ்டம் என்றாரே தவிர, தங்கையை இவ்வளவு பிடித்தவன் கையில் கொடுத்த நிம்மதி அவருக்கு இருந்தது.

அந்த விரல் போனதிலிருந்துதான் இருவருக்கும் ஒரு பேச்சு உண்டாயிற்று. வாயால் பேசாத பேச்சு. உள்ளங்கையின் அடிமேட்டைச் சக்கரத்தின் விளிம்பில் வைத்து இரண்டு சின்னத் தள்ளு. அதற்கு, 'இருக்கியா?' என்று அர்த்தம். எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாக ஒரே ஒரு தள்ளு வந்து, விடாமல் அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கும். அது, 'இருக்கேன்.' மூன்று தள்ளு என்றால், 'கையை எடு, இழுக்கப் போறேன்.' மூன்று வந்ததும் இந்தப் பக்கத்து ஆள் இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். கையை எடுத்ததும் சக்கரம் லேசாகிவிடும். அந்த லேசுதான் பதில். லேசாகாமல் எதையும் இழுக்கக்கூடாது. டயர் போனால் டிரம்மில் பேசுவார்கள், டிரம்மும் போனால் ஷாஃப்டின் முனையில். இன்னொரு விதியும் இருந்தது. பதில் உடனே வராவிட்டால் அவசரப்படக்கூடாது. எதிரே இருப்பவன் கையில் நட்டு இருக்கலாம், வாயில் சிகரெட் இருக்கலாம். காத்திருக்க வேண்டும்.

இருபது வருஷத்துக்கு மேல் அப்படிப் பேசினார்கள். இருவரும் ஊமைகள் இல்லை; ஆனால் வீட்டில் விசேஷத்துக்குக் கூடினால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு லாரியைக் கொண்டு வந்து நிறுத்துங்க, அப்பதான் பேசுவாங்க" என்பாள் வலதுவின் மனைவி.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு மீட்பு வண்டி வந்தது. பள்ளத்தில் விழுந்தவர்களை மேலே தூக்குகிற பெரிய வண்டி. இரண்டு பக்கமும் பிரிக்க உட்கார்ந்தார்கள். இடது தன் பக்கத்தை வேகமாகப் பிரித்துவிடுவார். அன்று நடுப்பகலுக்குள் அவர் ஹப்பைக் கழற்றி, வலது டீக்குப் போயிருந்த நேரத்தில் ஷாஃப்டையும் உருவிவிட்டிருந்தார்; வலதுவுக்கு அது தெரியாது. வலது இரண்டு தள்ளுத் தள்ளிக் கேட்டார். பதில் இல்லை. கையில் நட்டு இருக்கும் என்று நினைத்தார். காத்திருந்தார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, அது விரலைச் சுடும்வரை நிதானமாகக் காத்திருந்தார். மறுபடி கேட்டார். பிறகுதான் எழுந்து அந்தப் பக்கம் போனார். இடது தான் கழற்றி வைத்த ஷாஃப்டின் பக்கத்தில், அதைப் போலவே நேராக, சாக்கின் மேல் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, வலதுவின் முகத்தைப் பார்த்து, மேலே சொல்லாமல் விட்டுவிட்டார். உயிர் பிழைத்தது. கண் திறக்கும், மூடும். யாரையும் பார்க்காது. மூக்கில் குழாய் வைத்துத்தான் ஆகாரம். "விரலைப் பிடிங்க பார்க்கலாம், கண்ணை மூடித் திறங்க பார்க்கலாம்" என்று எத்தனையோ தடவை கேட்டார்கள். எதற்கும் அசைவில்லை. உடம்பு இருக்கிறது, ஆள் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வலது முதல் சில வாரம் தினமும் போய்ப் பார்த்தார். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு போகவில்லை. அந்தத் திறந்த கண்ணுக்கு எதிரே உட்காரும்போதெல்லாம் விரலைச் சுட்ட அந்த சிகரெட் ஞாபகம் வந்தது. பயந்துபோய்த்தான் நின்றுகொண்டார், வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னதெல்லாம் சும்மா. பட்டறையில் புது ஜோடி தருகிறேன் என்று முதலாளி சொன்னதற்கும் தலையாட்டவில்லை. இரண்டு பக்கத்தையும் தானே பிரித்தார், தானே மாட்டினார். ஆனாலும் ஷாஃப்டை இழுக்கும் முன் கை தானாக இரண்டு தள்ளுத் தள்ளும். எதிரே யாருமில்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருப்பார். வெல்டர் அதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு நீளமான வாய் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் திறக்கவே இல்லை.

ஏழெட்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தங்கை பட்டறை வாசலுக்கே வந்து நின்றாள். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தாள். தானாக அசையாத உடம்பைத் தினம் புரட்டிப் புரட்டி அவளுடைய முதுகுத்தண்டு விலகியிருந்தது. மகள் வெளியூரில், கைக்குழந்தையோடு இருந்தாள். வேறு ஆள் துணையில்லை.

"உள்ள வாம்மா, உக்காரு."

"உக்காந்தா எந்திரிக்க முடியாதுண்ணா. நின்னே சொல்லிடுறேன். அந்த இல்லத்துல எடம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. படுக்கையில இருக்கிறவங்களை மட்டும் பாத்துக்கிற எடம். வியாழக்கிழமை வண்டி வருது."

வலது தன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போய்ப் பாத்துட்டு வந்தேன். வரிசையா கட்டிலு. யாரும் யார்கிட்டயும் பேசல. மெஷினுக்கு எண்ணெய் விடுற மாதிரி குழாயில ஊத்திட்டுப் போறாங்க. அவரு உள்ள இல்லன்னா அது போதும். உள்ள இருந்தாருன்னா..." அவள் பெல்ட்டை ஒருமுறை இறுக்கிக்கொண்டாள். "நீயே சொல்லு. அவரை உன்னைவிடத் தெரிஞ்சவங்க யாரு? உள்ள இருக்காரா, இல்லையா? இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் மனசைத் தேத்திக்கிட்டு அனுப்பிடுறேன். இருக்காருன்னு சொல்லு. முதுகு உடைஞ்சாலும் நானே வெச்சுப் பாத்துக்குறேன்."

"டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?"

"நீ வந்து பாக்கக்கூட இல்லையே அண்ணா."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்துபோவதைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கென்று முதலாளி அந்த மீட்பு வண்டியை எடுக்கச் சொன்னார். உதிரிப் பாகம் வராமல் பட்டறையின் மூலையில், இடது விட்டுப்போன நிலையிலேயே அது இத்தனை மாதமும் நின்றிருந்தது. தார்ப்பாயை விலக்கியதும் தூசு மூக்கில் ஏறியது. பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள், முன் அச்சு ஸ்டாண்டின் மேல் அப்படியே இருந்தது. இடப்பக்கம் எல்லாம் பிரிந்து கிடந்தது: ஹப் ஒருபுறம், ஸ்பிண்டில் ஒருபுறம், சாக்கின் மேல் ஷாஃப்ட். வாஷரை இடது தன் வழக்கப்படி ஒரு போல்ட்டில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். வலது அந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. தன் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

வலப்பக்கத்தில் டயர் மட்டும்தான் கழன்றிருந்தது. டிரம் துருவேறி நின்றது. வேலையைத் தொடங்கும் முன் அவர் அடியில் படுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். நடு ஷாஃப்டை இடையில் வேறு வண்டிக்குக் கழற்றி எடுத்திருந்தார்கள். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராடும் இல்லை. அந்தப் பக்கத்து ஷாஃப்டும் இல்லை. இந்த டிரம்மை எந்தப் பக்கம் சுற்றினாலும் அச்சுக்குள் பல்சக்கரம் வெறுமனே சுழலும், எதிரே ஒன்றையும் தொடாது. இதை ஏன் பார்த்து வைத்தார் என்றால் பழக்கம், வேறொன்றுமில்லை.

மதியத்துக்குமேல் மின்சாரம் போனது. கம்ப்ரஸர் அடங்கியது. மற்றவர்கள் டீக்கு வெளியே போனார்கள். பட்டறையில் அப்படியொரு அமைதி வருவது அபூர்வம். கூரைத் தகடு வெயிலில் டக் டக் என்று விரிவது கூடக் கேட்டது. வலது, டிரம்மின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, பழக்க தோஷத்தில் இரண்டு தள்ளுத் தள்ளினார். துரு உதிர்ந்தது. காத்திருந்தார். பிறகு ஸ்பானரை எடுக்கக் குனிந்தார், இன்னொரு கை டிரம்மின் மேலேயே இருந்தது.

அந்தக் கைக்கு அடியில் டிரம் அசைந்தது.

இரண்டு சின்னத் தள்ளு.

அவர் தலையைத் தூக்கவில்லை. எலி என்று நினைக்க முயன்றார். இவ்வளவு கனத்தை அசைக்கிற எலி எந்த ஊரிலும் இல்லை. காற்று என்று நினைக்க முயன்றார். கூரையில் தொங்கிய சிலந்தி நூல்கூட ஆடவில்லை. கை மட்டும் டிரம்மோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, எடுக்க வரவில்லை.

மறுபடியும் இரண்டு. அதே அளவு, அதே இடைவெளி. முதல் தள்ளைவிட இரண்டாவது ஒரு இம்மி மெதுவாக. இடது அப்படித்தான் தள்ளுவார். அந்த இம்மியை உலகத்தில் இன்னொருவர் போட முடியாது.

'இருக்கியா?'

வலது எழுந்தார். எஞ்சினைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். யாருமில்லை. அச்சின் வாய் கருப்பாகத் திறந்திருந்தது. ஷாஃப்ட் சாக்கின் மேல் கிடந்தது, அதன் மேல் மாதக்கணக்கான தூசு கலையாமல் இருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் படுத்த நீளத்துக்குச் சாக்கு இன்னும் அமுங்கியிருந்த மாதிரி அவருக்குப் பட்டது. போல்ட்டில் கோத்த வாஷர் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதை நிறுத்தினார். சில்லென்று இருந்தது.

டீக் கிளாசோடு உள்ளே வந்த வெல்டர் அவரைப் பார்த்துவிட்டு, "என்ன வலது, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?" என்றார். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். சொன்ன பிறகு அவர் முகமும் மாறிவிட்டது. வலது செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தார்.

தங்கை வீடு அதிக தூரமில்லை. முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு சுவராக நெருக்கிப் போடப்பட்டிருந்தது, ஆள் உருண்டு விழாமல் இருக்க. மற்றப் பக்கத்தில்தான் நாற்காலி, மருந்து மேசை, எல்லாம். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தில்தான் உட்காருவார்கள், அந்தப் பக்கத்து வலது கையைத்தான் பிடிப்பார்கள். டாக்டரும் அதைத்தான் பிடித்துப் பார்த்தார். வலதுவும் அங்கேதான் உட்கார்ந்தார். இடதுவின் கண் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தது.

"நாளைக்கு வர்றேன்னியே?" என்றாள் தங்கை.

"கட்டிலை இழுக்கணும். அந்தப் பக்கம் போகணும் நான்."

"எதுக்கு?"

"அவன் இடது கை வேணும்."

அவள் மருந்து மேசையை ஒதுக்கி வழிவிட்டாள். அவர் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தார். சக்கரம் வைத்த கட்டில், சுலபமாக வந்தது. தங்கை சுவரைப் பார்த்து, "ஐயோ" என்றாள்.

கட்டிலின் உயரத்துக்குச் சற்று மேலே, இடதுவின் இடது கை கிடந்த இடத்துக்கு நேராக, சுவரில் வெள்ளை போயிருந்தது. ஒரு உள்ளங்கையின் அடிமேட்டு அளவுக்கு வட்டமாகத் தேய்ந்து, உள்ளே இருந்த சிமென்ட் வழவழப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் வியர்வைக் கறை. ஒரு நாளில் ஒரு வாரத்தில் தேய்கிற தேய்மானம் இல்லை அது. உலோகம் எப்படித் தேயும், சுவர் எப்படித் தேயும் என்று வலதுவுக்குத் தெரியும். மாதக்கணக்காக ஒருவன் அதே இடத்தில் தள்ளியிருக்கிறான்.

"படுக்கை உராஞ்சிருக்கும்..." என்றாள் தங்கை. சொல்லிவிட்டு அவளே அதை நம்பவில்லை.

வலது சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தார். இடதுவின் இடது கையைத் தூக்கி, அதன் அடிமேட்டில் தன் உள்ளங்கையை வைத்தார். தோல் அங்கே காய்த்துப் போயிருந்தது. படுத்துக் கிடக்கிற ஒருவன் கையில் அந்தக் காய்ப்பு இருக்க நியாயமே இல்லை.

இரண்டு சின்னத் தள்ளு.

ஒன்றும் நடக்கவில்லை. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது. அவள் விளக்கைப் போடக்கூட நகரவில்லை. "அண்ணா..." என்று ஆரம்பித்தாள். பேசாதே என்று வலது தலையை ஆட்டினார். எதிரே இருப்பவன் கையில் நட்டு இருக்கலாம். இந்தத் தடவை காத்திருப்பதில் அவருக்கு அவசரமில்லை. அறை இருட்டி, இடதுவின் கண்ணில் ஜன்னல் மட்டும் மினுங்குகிற நேரம் வரை அவர் அப்படியே இருந்தார்.

பிறகு அது வந்தது. முதலில் வந்ததா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக. ஒரே ஒரு தள்ளு. விடாமல், அப்படியே அழுத்திக்கொண்டு நின்றது.

வலது அழுதுவிட்டார். வாய்விட்டு, வெட்கமில்லாமல். "இருக்கான்மா. உள்ளதான் இருக்கான்" என்றார். தங்கை கட்டிலின் மேல் விழுந்து கணவனின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்னைத் தெரியுதா? கேக்குதா? எத்தனை நாளா கூப்பிட்டீங்க, எனக்குத் தெரியலையே" என்று அவள் பேசிக்கொண்டே போனாள். இடதுவின் கண் அப்போதும் யாரையும் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே அந்த முகம் பாட்டுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலதுவுக்கு அது திகிலாக இருந்தது. ஒரு பூட்டிய வண்டிக்குள் ஆள் இருப்பது தெரிந்து, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாத மாதிரி.

கைக்கு அடியில் மறுபடி அசைவு வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

வலது அசையாமல் இருந்தார். பிசகாகப் புரிந்துகொண்டோமோ என்று நினைத்தார். மறுபடியும் வந்தது. சின்னதாக, தெளிவாக, அதே இடைவெளியில், கடைசித் தள்ளு ஒரு இம்மி மெதுவாக. மூன்று.

கையை எடு. இழுக்கப் போறேன்.

இத்தனை வருஷத்தில் மூன்று வந்து அவர் கையை எடுக்காமல் இருந்ததே கிடையாது. கையில் என்ன இருந்தாலும், எந்த நட்டு பாதியில் நின்றாலும், மூன்று என்றால் எடுத்துவிடுவார். அவர் எடுத்தால்தான் சக்கரம் லேசாகும், லேசானால்தான் எதிரே இருக்கிறவன் இழுப்பான். விதி அப்படி. அந்த விதியை மீறாத ஒருவன்தான் மாதக்கணக்காகச் சுவரிடம் போக அனுமதி கேட்டிருக்கிறான். சுவர் கையை எடுக்கவில்லை.

வலதுவும் எடுக்கவில்லை.

எடுக்க முடியவில்லை. உள்ளங்கையை இன்னும் இறுக்கமாக வைத்து அழுத்தினார். உள்ளேயிருந்து மூன்று. அவர் அழுத்தினார். மறுபடி மூன்று.

"இப்ப என்ன சொல்றாரு?" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன் கை அசையுதே, மறுபடி ஏதோ சொல்றாரே, என்ன அண்ணா?"

"இருக்கேன்னுதான் சொல்றான்."

"இல்ல, இது வேற மாதிரி. மூணு மூணா வருதே. மூணுன்னா என்ன?"

வலது தங்கையின் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்று பார்த்த முகம் அது. இடையில் வந்த எல்லாமும் அதிலிருந்து வழிந்து போயிருந்தது.

"சந்தோஷமா இருக்கேன்னு அர்த்தம்" என்றார்.

வியாழக்கிழமை வந்த வண்டியைத் தங்கை வாசலோடு திருப்பி அனுப்பினாள். வந்தவர்கள் தயங்கினார்கள். "என் வீட்டுக்காரரு என்கூடப் பேசுறாரு, போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாளாம். தெருவே பார்த்தது. முதுகுக்குப் புது பெல்ட் வாங்கினாள். துணைக்கு ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்தாள். கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டாள், இனிமேல் அவர் சுவரோடு பேச வேண்டியதில்லை என்று.

வலது அந்த மீட்பு வண்டியைப் பிரித்து, கழுவி, பேரிங் மாற்றி, திரும்ப மாட்டி அனுப்பினார். வேலை சுத்தமாக இருந்ததாக வண்டிக்காரர் சொல்லியனுப்பினார். அதிலிருந்து எந்தச் சக்கரத்திலும் அவர் வெறும் கையை வைப்பதில்லை. சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு இரும்பு ராடைக் கொடுத்துத் தள்ளுகிறார். "சக்கரம் என்ன கடிச்சிடுமா?" என்று வெல்டர் ஒருநாள் கேட்டார். வலது சிரிக்கவில்லை, வெல்டரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ராடு வழியாகவும் சில நாள் வரும். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் ராடைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

தங்கை வீட்டுக்கு இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் போகிறார். போனதும் தங்கைதான் பேசுவாள், நிறுத்தாமல். போன வாரம் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்கு ஒண்ணு தெரியுமாண்ணா? நேத்து ராத்திரி முழுக்க, இன்னைக்குக் காலையிலேருந்து, இப்ப வரைக்கும் விடாம மூணு மூணாத்தான் சொல்றாரு. நான் கையை எடுக்கவே இல்ல, இப்பதான் உன் சத்தம் கேட்டு வந்தேன். சாப்பாடுகூட ஒரு கையால போட்டுக்கிட்டேன். எவ்ளோ சந்தோஷமா இருந்தா இப்படிச் சொல்லிக்கிட்டே இருப்பாரு, இல்ல?"

உள்ளே கட்டில் தெரிந்தது. இடதுவின் கை மெத்தையின் ஓரத்தில் காற்றில் நீண்டு, யார் கைக்காகவோ காத்திருந்தது.

"ஆமாம்மா" என்றார் வலது. உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.